மதலேனா பெயரில் பன்னிரண்டு வருஷம்

நல்லம்பள்ளி
12.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நேற்று லூர்து மாதா திருநாளுக்கு நீ கம்பைநல்லூரிலிருந்து வருவாய் என்று கோயில் வாசலிலேயே நின்றிருந்தேன். வரவில்லை.

போனில் பேசினால் என்ன என்று உன் மகன் டேவிட்ராஜ் சிரிப்பான். அவனுக்கென்ன, காது கேட்கிறது. எனக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் போனை வைத்தால் நீ தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல இருக்கிறது. வாட்சப்பில் எழுதினாலோ அவன் படித்துவிட்டு மிச்சம் மீதியைத்தான் உனக்குச் சொல்கிறான். அதனால் பழையபடி தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நூல் மில்லில் யூனியன் பார்த்த தீர்த்தகிரி அண்ணன் வீட்டுக்கு வந்தார். மில் மூடியபோது பி.எஃப். ஆபீசில் கொடுத்த காகிதத்தை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்திருப்பதால், ஐம்பத்தெட்டு வயசு முடிந்ததும் சாகும்வரை மாசாமாசம் பென்ஷன் உண்டாம். காகிதத்தில் உள்ள பிறந்த தேதிப்படி வருகிற மார்ச்சில் ஐம்பத்தெட்டு முடிகிறது.

அது உன் பிறந்த தேதி. உனக்குத் தெரியாததா? பதினெட்டு முடியாத பெண்ணை ஷிப்டுக்கு எடுக்கமாட்டோம் என்று மில்லில் சொன்னதால், பதினஞ்சரை வயசில் உன் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டைக் கொடுத்து அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். பன்னிரண்டு வருஷமும் நான் அங்கே மதலேனாதான். கூட வேலை செய்தவர்களுக்கு ஆக்சிலியா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது.

இப்போது மதலேனம்மாள் என்கிற ஆள் ஆதாரோடும் பாஸ்புக்கோடும் வந்து கைரேகை வைத்தால்தான் பென்ஷன் வரும். நீ ஒரு நாள் வந்து வைத்துவிடு. உன் கணக்கில் ஏறும் பணத்தை எடுத்து எனக்குக் கொடு. பெரிய தொகை இல்லை, என் மாத்திரைக்கு ஆகும். எந்தத் தேதி வருகிறாய் என்று உடனே எழுது.

உன் தங்கச்சி,
ஆக்சிலியா

*

கம்பைநல்லூர்
20.3.2025

தங்கச்சி ஆக்சிலியாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உன் கடிதம் அன்றைக்கே கிடைத்தது. பதில் போட முடியவில்லை. தவக்காலம், வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை. ஆடு குட்டி போட்டிருக்கிறது. பேத்திக்கு அம்மை கண்டு இப்போதுதான் தண்ணீர் ஊற்றினோம். முட்டி அப்படியேதான் இருக்கிறது.

உன் காதுக்கு தருமபுரி பெரியாஸ்பத்திரியில் காட்டினாயா? மிஷின் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மற்றதை ஈஸ்டர் கழித்துப் பார்க்கலாம்.

அக்கா

*

நல்லம்பள்ளி
28.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பேத்திக்குச் சரியானது சந்தோஷம். ஆட்டுக்குட்டிக்கும் என் அன்பைச் சொல்லு. அஞ்சு வாரம் காத்திருந்தவளுக்கு ஆடு குட்டி போட்ட செய்திதான் வந்தது. மற்றது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாயே, அந்த மற்றதுக்காகத்தான் நான் கடிதமே எழுதினேன்.

காதுக்குக் காட்டினேன். இரைச்சலில் நின்று நரம்பு போய்விட்டது, மிஷின் வைத்தாலும் பாதிதான் கேட்கும் என்றார் டாக்டர். நூறு நாள் வேலையில் பேர் கூப்பிடும்போது எனக்குக் கேட்பதில்லை. போன வாரம் ஒரு நாள் ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். நாள் முழுக்க மண் வெட்டியவளுக்கு ஆப்சென்ட். இப்போது பணித்தளப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இந்த உடம்போடு இன்னும் எத்தனை வருஷம் மண் வெட்டுவேன்? அதனால்தான் விடாமல் கேட்கிறேன். உனக்கு என்ன தடை? மனசில் எதையாவது வைத்துக்கொண்டிருந்தால் சொல்லிவிடு. நீ மென்று முழுங்குவது எனக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன்.

ஆக்சிலியா

*

கம்பைநல்லூர்
2.5.2025

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகம் என்று நம்புகிறேன். ஈஸ்டருக்கு நீ அனுப்பிய முறுக்கு வந்தது.

உங்கள் மாமா மரியசூசை இறந்ததிலிருந்து தாலுகா ஆபீஸ் விதவைப் பணம் எனக்கு வருகிறது. வேறு பென்ஷன் என் பெயரில் ஏறினால் அதை வெட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறேன். செய்யாத வேலைக்குக் கைரேகை வைத்தால் நாளைக்கு ஏதாவது கேஸ் வந்தாலும் வரும். இதுதான் காரணம்.

ஒன்று கேட்கிறேன். மில்லை மூடியபோது அந்த சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்தார்களா?

அக்கா

*

நல்லம்பள்ளி
10.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பயம் நியாயம்தான். தீர்த்தகிரி அண்ணனிடம் சொன்னேன், வெட்டினாலும் வெட்டுவார்கள் என்றார். விதவைப் பணம் நின்றால் வருகிற பென்ஷனில் பாதியை நீயே வைத்துக்கொள், எனக்குப் பாதி போதும். இதற்கு மேல் நான் இறங்கி வர முடியாது.

சர்டிபிகேட்டா? அது மில்லோடு போயிற்று. நடுவில் ஓடிவிடக் கூடாது என்று எல்லாப் பெண்களின் அசலையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மூடின அன்றைக்கு சம்பள பாக்கி கேட்கவே நேரம் போதவில்லை, அதை யார் கேட்டார்கள்? போனால் போகட்டும். நம் வயசுக்கு அதை வைத்துக்கொண்டு கலெக்டராகவா ஆகப் போகிறோம்?

தேதி சொல்லு.

ஆக்சிலியா

*

கம்பைநல்லூர்
30.6.2025

ஆக்சிலியாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டு ஐந்தாவதாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1991-ல் எங்கள் தெருவுக்கே பால்வாடி வந்தது. டீச்சர் வேலைக்குப் பத்தாவது படித்த, உள்ளூரில் வாழ்க்கைப்பட்ட பெண் வேண்டும் என்றார்கள். அப்படி இருந்தது நான் ஒருத்திதான். இன்டர்வியூவில் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அசல் சர்டிபிகேட்டைக் கொண்டுவா, பத்து நாள் டைம் என்றார்கள்.

அப்பா மில்லுக்குப் போய்க் கேட்டார். அசல் வேண்டுமென்றால் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்களாம். நகல் வாங்கலாமே என்றேன். உன் பெயரில் ஒருத்தி மில்லில் இருப்பது வெளியே வந்துவிடும், அவள் சம்பளத்தில்தான் உன் சீர்க்கடனே அடைகிறது, சின்னவளிடம் எதுவும் சொல்லாதே என்றார். நான் சொல்லவில்லை. அந்த வேலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து சசிகலா என்ற பெண் வந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் தெருவிலேயே டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனாள். அவளுக்கும் மாசம் பென்ஷன் வருகிறது. என் பேரனும் பேத்தியும் அவளிடம்தான் அ, ஆ படித்தார்கள்.

என் பெயர் உனக்குப் பன்னிரண்டு வருஷம் சோறு போட்டது. எனக்கு ஒரு நாளும் போடவில்லை. கலெக்டராகவா ஆகப் போகிறோம் என்று நீ எழுதியதைப் படித்தபோது வயிறு எரிந்தது. உனக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் முதல் கடிதத்தை டேவிட்ராஜ் படித்துவிட்டான். இ-சேவை மையத்தில் என் ஆதாரைக் கொடுத்து பென்ஷன் பாரம் நிரப்பி வைத்திருக்கிறான். பெயர் என்னுடையது, தேதி என்னுடையது, இதையும் வாங்கலாம், விதவைப் பணத்தையும் வாங்கலாம், சித்தி கேட்டால் வரவில்லை என்று சொல்லிவிடு என்கிறான். என் கைரேகைதான் பாக்கி. நான் வைக்கவில்லை. வைக்கமாட்டேன் என்றும் அவனிடம் சொல்லவில்லை.

மதலேனம்மாள்

*

நல்லம்பள்ளி
18.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். மாதா பரலோகம் போன திருநாளுக்குப் பூசையில் உன் பேரைச் சொல்லித்தான் மெழுகுவர்த்தி வைத்தேன்.

ஏழு வாரம் எழுதவில்லை. முதல் வாரம் உன் மேல் கோபம். அப்புறம் அப்பா மேல். அவர் கல்லறையில் போய்க்கூடச் சண்டை போட்டேன், பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தவன் பயந்து எழுந்து போய்விட்டான். கடைசியில் என் மேல். உன் வேலை என் சாப்பாட்டுத் தட்டில் இருந்திருக்கிறது, நான் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். மன்னித்துக்கொள் அக்கா. அந்தக் கலெக்டர் வார்த்தைக்கும் சேர்த்து.

ஆனால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். மில்லில் ஒரு தரம் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்தார். சின்னப் பெண்கள் முப்பது பேரையும் பஞ்சு குடோனில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மூச்சு முட்டியது. இருமினால் வேலை போய்விடும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் செருப்புச் சத்தம் கேட்டது, அப்போது எனக்குக் காது இருந்தது. எங்களைக் காப்பாற்ற வந்த ஆளுக்குப் பயந்து நாங்களே ஒளிந்தோம். இந்த முறை ஒளியமாட்டேன்.

உன் பெயரில் எனக்கு ஒரு பைசா வேண்டாம். வேலை செய்தது நான், பெயர் மட்டும் அக்காவுடையது, வயசு அப்போது பதினஞ்சரை என்று உள்ளதை உள்ளபடி மனு எழுதி, என் கையெழுத்தையே போட்டுக் கொடுத்துவிட்டேன். தீர்த்தகிரி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளதும் போச்சுடா என்று ஆகிவிடும், கேஸ்கூட வரலாம் என்றார். வரட்டும்.

செப்டம்பர் 26 காலை பத்து மணிக்கு தருமபுரியில் விசாரணை. நீ நேரில் வந்து, அந்த மில்லில் நீ வேலை செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். நீ அதற்குள் கைரேகை வைத்துவிட்டால் என் மனு குப்பைக்குப் போகும். நீ வராவிட்டாலும் போகும். எது செய்தாலும் உன்னைத் திட்டமாட்டேன். உனக்கும் பாக்கி இருக்கிறது.

ஆக்சிலியா

*

கம்பைநல்லூர்
4.9.2025

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். ஆள்மாறாட்டம் என்று என்னை ஜெயிலில் போடுவார்கள் என்கிறான் டேவிட்ராஜ். முட்டி வேறு வீங்கியிருக்கிறது. வருவேன் என்று நினைத்துக்கொண்டு இருக்காதே.

எந்த ஆபீஸ், எத்தனையாவது மாடி?

அக்கா

*

நல்லம்பள்ளி
29.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த மாடிப்படியை ஏறி இறங்கினாயே, முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாயா?

படி ஏறி நீ வந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததில் பாதி விசாரணை போயிற்று. மீதிப் பாதி காதில் விழவில்லை. முடிந்ததும் நீ பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய். தீர்த்தகிரி அண்ணனைக் கேட்டால் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று என்று கட்டைவிரலைக் காட்டுகிறார். எனக்குக் கட்டைவிரல் வேண்டாம், வார்த்தை வேண்டும்.

என் சாட்சிக்கு வந்தாளே குள்ளம்மாள், மில்லில் பக்கத்து மிஷின்காரி, அவளுக்கு நல்லம்பள்ளியிலிருந்து பஸ் முழுக்கப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். என் நிஜப் பெயர் ஆக்சிலியா, ஆக்சிலியா என்றுதான் சொல்ல வேண்டும் என்று பத்துத் தரம். அவள் உள்ளே என்ன சொன்னாள்? ஏன் எல்லாரும் சிரித்தார்கள்? அப்புறம் ஏன் ஒரேயடியாக அமைதியானார்கள்? நீ எதற்காக மேசையைத் தட்டினாய்?

ஒன்று விடாமல் எழுது.

ஆக்சிலியா

*

கம்பைநல்லூர்
8.10.2025

அன்புள்ள ஆக்சிலியாவுக்கு,

சுகம். முட்டிக்கு எண்ணெய் போட்டு இரண்டு நாள் படுத்தே இருந்தேன். கேட்டதை வரிசையாக எழுதுகிறேன்.

அந்த அதிகாரி அம்மாவுக்கு நம் டேவிட்ராஜ் வயசுதான் இருக்கும். முதலில் என்னைக் கேட்டார்கள். நான் மில் கேட்டைக்கூடத் தாண்டியதில்லை என்றேன். பொய்யாக இருந்தால் தண்டனை உண்டு தெரியுமா என்றார்கள். தெரியும் என்றேன். உன்னைக் கேட்டது உனக்கு விழவில்லை. மூன்றாம் தரம் அவர்கள் கத்தியபோதுதான், “பன்னெண்டு வருசம் மிஷின் பக்கத்துல நின்ன காதுங்க, கொஞ்சம் சத்தமா கேளுங்க” என்றாய். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் குள்ளம்மாள். இந்த இரண்டு பேரில் ஆக்சிலியா யார் என்று கேட்டார்கள். நீ சொல்லிக் கொடுத்த பாடமெல்லாம் அவளுக்கு வாசலிலேயே மறந்துவிட்டது. முழித்துவிட்டு, “ஆக்சிலியாவா? அப்பிடி ஒருத்தரும் எங்க மில்லுல இல்லீங்களே” என்றாள். தீர்த்தகிரி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அம்மா பேனாவை வைத்துவிட்டார்கள்.

அப்போது அவள் உன் தோளில் கை வைத்து, “இவதாங்க மதலேனா. இவ கூடத்தான் பன்னெண்டு வருசம் ஒண்ணா சோறு தின்னேன். குடோன்ல என் மடியிலதான் ஒளிஞ்சிருந்தா” என்றாள். என்னைக் காட்டி, அப்படியானால் இவர் யார் என்றார்கள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்தம்மா யாருன்னே தெரியாதுங்க. பாத்ததே இல்ல” என்றாள். மதலேனம்மாளைப் பார்த்து மதலேனாவைத் தெரியாது என்கிறாள். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று சொல்லி எழுத ஆரம்பித்தார்கள். அதோடு எல்லாரும் அமைதியானார்கள்.

மேசையைத் தட்டியது நான்தான். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் சர்டிபிகேட்டை மில்லில் பிடித்து வைத்ததால் என் வேலை போனது, அதையும் எழுதுங்கள் என்றேன். அது இந்த மனுவில் வராது, அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். நீங்கள் ஒன்றும் தர வேண்டாம், எழுதுங்கள், எழுதினால்தான் கையெழுத்து என்றேன். ஆக்சிலியா, எனக்கே என் குரல் புதுசாக இருந்தது. எழுதினார்கள். படித்தும் காட்டினார்கள். முப்பத்திநாலு வருஷம் கழித்து ஒரு சர்க்கார் காகிதத்தில் அது ஏறியது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

டேவிட்ராஜ் நிரப்பிய பாரத்தை அவன் எதிரிலேயே கிழித்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறான்.

அக்கா

*

நல்லம்பள்ளி
19.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷமும் பொங்கலும் நல்லபடியாகப் போயிற்றா? பேத்திக்கு அனுப்பிய பாவாடை சரியாக இருந்ததா?

ஆர்டர் வந்துவிட்டது. தபால்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மில் பெயரும் ஆக்சிலியா என்ற பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன. சேர்ந்தபோது வயசு பதினஞ்சரை என்றும் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷமும் என்னுடையது. உன் பெயர் அதிலிருந்து நீங்கிவிட்டது, உன் விதவைப் பணத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. கேஸ் ஏதும் இல்லை.

ஆனால் என் நிஜ வயசுப்படி ஐம்பத்தெட்டு ஆக இன்னும் நாலே முக்கால் வருஷம் இருக்கிறது. இப்போதே வேண்டுமென்றால் குறைத்துத் தருவார்களாம். வாங்கிக்கொள் என்கிறார் தீர்த்தகிரி அண்ணன். வேண்டாம் என்றுவிட்டேன். வேலையைக் குறைத்துச் செய்யவில்லையே, பென்ஷனை எதற்குக் குறைத்து வாங்க? பல்லைக் கடித்துக்கொண்டு மண் வெட்டுவேன்.

இன்னொரு சங்கதி. விஷயம் பரவி, அக்கா பெயரிலும் அண்ணி பெயரிலும் வேலை செய்த பெண்கள் வீடு தேடி வருகிறார்கள். இதுவரை நாலு பேர். நேற்று வந்தவள் காவேரி. பூவிழி என்ற அவள் அக்கா பெயரில் பதினோரு வருஷம் வேலை செய்தவள். அந்தப் பூவிழி அரூரில் இருக்கிறாளாம். கேஸ் வரும், வரமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டாளாம். காவேரி என் எதிரில் உட்கார்ந்து அழுகிறாள், எனக்கோ அவள் சொல்வதில் பாதி கேட்கவில்லை. இதற்கு என்ன செய்வது?

ஆக்சிலியா

*

கம்பைநல்லூர்
24.1.2026

அன்புள்ள ஆக்சிலியாவுக்கு,

எல்லாரும் சுகம். பாவாடை கொஞ்சம் நீளம், மடித்துத் தைத்துவிட்டேன். ஆர்டர் வந்த செய்தியைப் படித்ததும் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். முட்டி வலிக்கத்தான் செய்தது. நின்றேன்.

அந்தப் பூவிழியின் விலாசத்தை உடனே எழுதி அனுப்பு. நீயும் காவேரியும் போனால் அவள் கதவைத் திறக்கமாட்டாள், கேட்க வந்தவர்கள் என்று நினைப்பாள். நான் போகிறேன். விலாசம் வந்த மறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அரூர் பஸ் ஏறுகிறேன். அவளுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும், பயம் மட்டும் இல்லை என்பதும் தெரியும். அவளுக்கும் ஏதாவது போயிருக்கும். அதை முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

மற்ற மூன்று பேருடைய அக்காமார் விலாசத்தையும் வாங்கி வை. எனக்கு மனசு வர ஏழு மாசம் பிடித்தது. அவர்களை அவ்வளவு நாள் இழுத்தடிக்க விடமாட்டேன்.

உன் அக்கா,
மதலேனம்மாள்